விசா ஜன்னலுக்கு முன்னால்

எங்கள் ஆபீஸில் இருந்த கண்ணாடித் தடுப்பைப் போன வாரம் கழற்றிவிட்டார்களாம். என் இடத்தில் இப்போது வேலை பார்க்கும் மேகனா போனில் சொன்னாள்.

"இப்போ எல்லாரும் விசா இன்டர்வியூவுக்கு மொபைல்லயே பிராக்டிஸ் பண்ணிக்கிறாங்க மேடம். அதுவே கேள்வி கேக்குது, அதுவே மார்க் போடுது. நேர்ல யாரும் வர்றதில்ல. அந்த இடத்துல காபி மெஷின் வைக்கப் போறோம்."

காபி மெஷின் வருவதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நான் இருந்தபோதே கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஆனால் அடுத்து அவள் கேட்டதுதான் என்னை எழுத உட்கார வைத்தது. "அங்க நின்னுக்கிட்டு அப்படி என்னதான் மேடம் சொல்லிக் கொடுப்பீங்க?"

மைசூரில் மண்டி மொஹல்லாவை ஒட்டிய ஒரு சந்தில், முதல் மாடியில் இருந்தது எங்கள் டிராவல் ஏஜென்சி. டிக்கெட் போடும் பெண்ணாகச் சேர்ந்து, விசா மேஜைக்கு மாறி, அங்கேயே ஓய்வு பெற்றவள் நான். அப்பா கொள்ளேகால் பக்கத்திலிருந்து மில் வேலைக்காக மைசூர் வந்தவர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், ஆபீஸில் ஆங்கிலம் என்று வளர்ந்ததால் யார் எந்த பாஷையில் தடுமாறினாலும் எனக்குப் புரிந்துவிடும். அதனாலேயே விசா மேஜைக்கு மாற்றினார்கள் என்று நினைக்கிறேன்.

மைசூரை ஒட்டிய ஹெப்பாளில் கம்ப்யூட்டர் கம்பெனி வந்த பிறகு முதலில் பிள்ளைகள் அமெரிக்கா போனார்கள். பின்னாலேயே அவர்களைப் பார்க்க அப்பா அம்மாக்கள் புறப்பட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது சுற்றுலா விசா. அதற்குச் சென்னைக்குப் போய், ஒரு ஜன்னலுக்கு முன்னால் நின்று, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆபீசர் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். அந்தச் சில நிமிடங்களை நினைத்து மாதக்கணக்கில் தூக்கம் வராதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

என் முதல் வருடங்கள் படிவம் நிரப்புவதிலும், போட்டோவில் காது தெரிகிறதா என்று பார்ப்பதிலும், பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் வங்கிக் கணக்கில் வேறு மாதிரியும் இருக்கும் பெயர்களை ஒன்றாக்குவதிலும் போயின. உண்மையான வேலையைக் கற்றுக் கொண்டது நாகரத்னா மேடத்திடம்.

விசா பிரிவுக்கு அவர்தான் தலைமை. கன்னடக்காரர். பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பத்தோடு பழகியே தமிழ் பேசக் கற்றவர். நடுநடுவே கன்னடம் வந்து விழும். ஆபீஸின் ஒரு மூலையில் பலகை அடித்து, நடுவில் கண்ணாடி பொருத்தி, ஒரு ஜன்னல் செய்ய வைத்தது அவர்தான். வருகிறவர்களுக்கு அங்கே நாற்காலி கிடையாது. "அங்கே நிக்கத்தானே போறாங்க. இங்கேயும் நிக்கட்டும்" என்பார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருப்பார். முன்னால் ஒரு கீபோர்டு. அது எந்தக் கம்ப்யூட்டரோடும் இணைக்கப்பட்டதல்ல. வயர் மேஜைக்கு அடியில் தொங்கிக் கொண்டிருக்கும்.

ஒரு கேள்வி கேட்பார். பதில் வந்ததும் நிமிர்ந்து பார்க்காமல் அந்தக் கீபோர்டில் தட்டத் தொடங்குவார். தட்டிக் கொண்டே இருப்பார். அந்த மௌனத்தை ஒருவராலும் தாங்க முடியாது. கேட்காத விஷயத்தையெல்லாம் எடுத்து விடுவார்கள். "என் மகன் ரொம்ப நல்லவன்" என்பார்கள். "எங்களுக்கு அங்கேயே தங்குற எண்ணமெல்லாம் இல்லை" என்பார்கள். மேடம் தட்டுவதை நிறுத்திவிட்டு, "நான் அதைக் கேட்டேனா?" என்பார்.

அவ்வளவுதான் அவருடைய பாடம். கேட்டதற்கு மட்டும் பதில். அவர்கள் தட்டும்போது சும்மா நிற்பது. கேட்கும்வரை கையில் இருக்கும் ஃபைலை நீட்டாமல் இருப்பது. ஒருவருக்கும் பதில் எழுதிக் கொடுக்க மாட்டார். விசா கிடைத்துவிடும் என்று தப்பித் தவறிக்கூடச் சொல்ல மாட்டார், எங்களையும் சொல்ல விட மாட்டார்.

மண்டி மொஹல்லாவில் சேலைக் கடை வைத்திருந்த ஒருவர் பயிற்சிக்கு வந்தார். "எத்தனை நாள் தங்கப் போறீங்க?" என்று மேடம் கேட்டார். அவர் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக் கொண்டு, குரலைத் தாழ்த்தி, "நீங்க எத்தனை நாள் கொடுப்பீங்க?" என்றார். மேடம் முகத்தில் அசைவே இல்லை. "இது கடை இல்லே" என்றார். "சரி, உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம், ரெண்டு மாசம்னு வச்சுக்குவோம்" என்றார் அவர். நான் உள் அறைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். மேடம் விடாமல் அதே கேள்வியை மறுபடி மறுபடி கேட்டு, கடைசியில் அவர் வாயால் ஒரே ஒரு பதிலை வரவழைத்தார். அவர் போய் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பியும் வந்தார்.

இப்படிப் பலர். ஆனால் யாராவது என்னிடம் மறக்க முடியாத ஆள் யார் என்று கேட்டால் மாதையனைத்தான் சொல்வேன்.

மாதையன் பஸ் டிரைவர். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் தாலுக்கா ராமாபுரத்துக்காரர். ஹெப்பாள் கம்பெனி பஸ்ஸைப் பல வருடங்கள் ஓட்டிவிட்டு, ஓய்வு பெற்றதும் ஊருக்குத் திரும்பி, தம்பியோடு சேர்ந்து மஞ்சள் போட்டிருந்தார். அவருடைய பஸ்ஸில் தினமும் போய் வந்த பிள்ளைகளில் பலர் அமெரிக்காவில் இருந்தார்கள். அவர்கள் ஒன்றுகூடி, தங்கள் பழைய டிரைவரை அழைத்து ஊர் சுற்றிக் காட்டுவதென்று முடிவு செய்திருந்தார்கள். அழைப்புக் கடிதம் அனுப்பியவள் சுஷ்மா என்ற பெண். அங்கே வேலையில் இருக்கிறாள். டிக்கெட்டும் அவள்தான் எடுப்பதாக இருந்தது.

அப்பா, அம்மா, பாட்டி என்று போகிறவர்களையே பார்த்த எங்களுக்கு இது புதிது. மாதையனுக்கு அங்கே மகனும் இல்லை, மகளும் இல்லை, மாமன் மச்சானும் இல்லை. போதாததற்கு, வேறொரு ஏஜென்ட் மூலமாக ஒரு தடவை போய், விசா மறுக்கப்பட்டுத் திரும்பியிருந்தார். ஒரு மத்தியானம், வெள்ளைச் சட்டையும் கையில் ஃபைலுமாக அவர் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். பின்னாலேயே அவர் மனைவி ஈஸ்வரி.

"போன தடவை என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் இங்கிலீசுல மனப்பாடம் பண்ணிட்டுத்தானுங்க போனேன்" என்றார். "மொதல்ல என்ன வேலைம்பாங்க, அப்புறம் எத்தன நாளும்பாங்க, அப்புறம் எங்கெங்க போறீன்னு கேப்பாங்கன்னு அந்த ஏஜென்ட் வரிசையாச் சொல்லிக் குடுத்திருந்தாரு. ஆனா அந்த ஆபீசர் வரிசையில வரலீங்க. நடுவுல வேற என்னமோ கேட்டுப்போட்டாரு. எனக்கு அத்தனையும் கலஞ்சு போச்சு. என்ன வேலைன்னு கேட்டதுக்கு மூணு வாரம்னேன். எத்தன நாளுன்னு கேட்டதுக்கு நயாகரான்னேன்."

ஈஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக் கொண்டார். அவரும் சிரித்தார்.

"நடுவுல கேட்டது என்ன?" என்றேன்.

"அது நெனப்பில்லீங்க."

நாகரத்னா மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டுக் கொண்டிருந்தார். "உங்களுக்கு எந்த பாஷையிலே கோபம் வரும்?" என்றார்.

மாதையன் கொஞ்சம் யோசித்தார். "பஸ்ஸுல உக்காந்தா கன்னடமுங்க. வீட்டுல தமிழு."

"வீட்டுல எங்கீங்க கோவப்படறாரு" என்றார் ஈஸ்வரி. "மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு. அவ்வளவுதான்."

"அப்போ தமிழே இருக்கட்டும். அங்கே தமிழ் தெரிஞ்சவங்க இருக்காங்க. இங்கிலீஷை மறந்துடுங்க" என்றார் மேடம்.

மறுநாளிலிருந்து பயிற்சி. ராமாபுரத்திலிருந்து பஸ் பிடித்து இருவரும் வருவார்கள். மாதையன் ஜன்னலுக்கு முன் நிற்க, ஈஸ்வரி பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். தமிழில் கேட்டதும் அவர் வேறு மனிதராகிவிட்டார். எந்த ரூட்டில் ஓட்டினார், எந்த ஸ்டாப்பில் யார் ஏறுவார்கள் என்பதெல்லாம் அழகாகச் சொன்னார். மேடம் தட்டும்போது பதறாமல் நின்றார். சிக்னலில் நின்று பழகியவர் அல்லவா. இந்த முறை கிடைத்துவிடும் என்று எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

அப்படி ஒரு நாள், ஓடிக் கொண்டிருந்த கேள்விகளுக்கு நடுவில், மேடம் கீபோர்டைப் பார்த்தபடியே கேட்டார்: "உங்க மனைவி கூட வரலையா?"

மேடம் தட்டினார். நிறுத்தினார். காத்திருந்தார். மாதையன் "நயாகரா" என்றார்.

இந்த முறை ஈஸ்வரி சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

பயிற்சி முடியும்வரை கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எழுந்து வருவது மேடத்தின் வழக்கமே இல்லை. அன்று வந்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு மாதையனை உட்காரச் சொன்னார். "சென்னையிலேயும் இதைத்தானே கேட்டாங்க?"

"ஆமாங்க."

"நிதானமா ஹேளி, சொல்லுங்க. என்ன விஷயம்?"

மாதையன் மனைவியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். "அந்த ஏஜென்ட் சொன்னாருங்க, ஒத்தையாப் போனாத்தான் திரும்பி வருவேன்னு நம்புவாங்களாம். பொண்டாட்டி ஊருல இருக்கறதுதான் உனக்கு ஜாமீனு, அதனால அந்தம்மா பேரையே எடுக்காதேன்னாரு. எனக்கு அது அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சுங்க. ஜாமீனுக்கு வெச்சுட்டுப் போறதுக்கு இவ என்ன பொருளா? அந்த ஆபீசர் கேட்டதும் எனக்கு வாயே வரல."

கீழே தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக் கொண்டிருந்தது.

"இவருக்கு என்னையக் கூட்டிட்டுப் போக இஷ்டமில்லீன்னு இருந்தனுங்க" என்றார் ஈஸ்வரி. "படிச்ச புள்ளைங்களோட சுத்தப் போறாரு, அங்க நான் எதுக்குன்னு நெனச்சுட்டாருன்னு."

"நானா?" என்றார் மாதையன். மனைவி பக்கம் திரும்பினார். பிறகு, "உன்ற பேருக்கும் சேத்துத்தான் அந்த சுஷ்மா பொண்ணு மொதல்ல கேட்டுச்சு" என்றார்.

ஈஸ்வரி முந்தானையை எடுத்தார். இம்முறை கண்ணுக்கு.

அவர்கள் போன பிறகு எனக்கும் மேடத்துக்கும் வாக்குவாதம். ஒரு தடவை மறுக்கப்பட்டவர், சொந்தக்காரர் இல்லாத வீட்டுக்குப் போகிறார். இப்போது மனைவியையும் சேர்த்துக் கொண்டால், இருவரும் அங்கேயே தங்கிவிடுவார்கள் என்ற சந்தேகம் கூடத்தானே செய்யும்? இந்தத் தடவை அவர் மட்டும் போகட்டும், அந்தக் கேள்விக்கு ஒரு நல்ல பதிலாகப் பழக்கிவிடலாம் என்றேன்.

மேடம் நான் முடிக்கும்வரை கேட்டார். "கௌரி, விசா கொடுக்கறது நம்ம கையில இல்லே. அவர் வாயில வர்ற மாது அவரோடதா இருக்கணும். அதுதான் நம்ம கையில. தனியா அனுப்பு, மறுபடியும் நயாகரான்னுதான் சொல்வாரு." மாது என்றால் கன்னடத்தில் பேச்சு.

ஈஸ்வரியிடம் பாஸ்போர்ட்டே இல்லை. அதற்கு விண்ணப்பித்தோம். போலீஸ்காரர் விசாரிக்க வீட்டுக்கு வந்ததும் ராமாபுரம் முழுக்க விஷயம் பரவிவிட்டது. எதிரில் வருகிறவர்களெல்லாம் எப்போது விமானம் என்று கேட்க, இன்னும் விசாவே வரவில்லை என்று சொல்லிச் சொல்லி ஈஸ்வரிக்கு அலுத்துப் போனதாம்.

பிறகு இருவரையும் ஒன்றாக நிறுத்திப் பயிற்சி. இதில் ஒரு புதுச் சிக்கல். மாதையனைக் கேட்டால் ஈஸ்வரி பதில் சொல்வார். "உங்களைக் கேக்கலை" என்று மேடம் சொல்லிச் சொல்லிக் களைத்தார். கடைசியில் "அமெரிக்காவுல எதைப் பார்க்க ஆசை?" என்று ஈஸ்வரியைக் கேட்டதற்கு, அவர் கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்து, "எனக்கு என்னங்க தெரியும்? நீங்க போயிருக்கீங்களா?" என்றார்.

"இல்லே" என்றார் மேடம்.

"அட, இத்தன பேர அனுப்பிப்போட்டு நீங்க போகலீங்களா?"

நாகரத்னா மேடம் பயிற்சிக்கு நடுவில் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

நேர்காணல் நாளன்று எனக்கு வேலையே ஓடவில்லை. உள்ளே போனைக் கொண்டு போக முடியாது என்பதால் அவர்கள் வெளியே வரும்வரை ஒரு தகவலும் கிடைக்காது. மேடம் எதுவும் நடக்காதது போல் யாருடைய படிவத்தையோ பார்த்துக் கொண்டிருந்தார். பக்கத்தைத் திருப்பவே இல்லை. போன் அடித்தபோது என்னை முந்திக் கொண்டு அவர்தான் எடுத்தார். எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். பேசியது ஈஸ்வரி. அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

ஆபீசர் ஒரு சின்ன வயதுப் பெண். சுஷ்மா உங்களுக்கு என்ன உறவு என்று மாதையனைக் கேட்டாள். "உறவெல்லாம் இல்லீங்க. என்ற பஸ்ஸுல வந்த பொண்ணு. தெனமும் லேட்டாத்தான் வரும். ஈரத் தலையோட ஓடி வரும். அது வர்ற வரைக்கும் நான் பஸ்ஸ நிறுத்தி வெப்பேன்" என்றார். அவள் தட்டுவதை நிறுத்திவிட்டு, தினமுமா என்றாள். "லீவு நாளு தவுத்து தெனமும்தானுங்க. மத்தவங்க திட்டுவாங்க. இப்ப அவங்களும் சேந்துதான் கூப்புடறாங்க."

போன தடவை தனியாக விண்ணப்பித்தீர்களே, இப்போது ஏன் மனைவியும் என்று அடுத்த கேள்வி.

"ஒத்தையாப் போனாத்தான் குடுப்பாங்கன்னு சொன்னாங்கம்மா. எனக்கு அது புடிக்கல. ரெண்டு பேத்துக்கும் குடுத்தீங்கன்னாப் போறோம். இல்லீன்னா ரெண்டு பேரும் ஊருக்குப் போறோம்."

நானும் மேடமும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டோம். இதை நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை.

பிறகு அந்தப் பெண் ஈஸ்வரி பக்கம் திரும்பினாள். இரண்டு பேரும் போய்விட்டால் நிலத்தை யார் பார்ப்பார்கள்?

"கொழுந்தனாரு பாத்துக்குவாருங்க. ஆனா மஞ்ச வெட்டறதுக்கு முன்னால நாங்க வந்தாகோணும். அவரு ஆள வெச்சு வெட்டுனா பாதிக் கெழங்கு மண்ணுக்குள்ளயே கெடக்கும்."

அவள் சிரித்துவிட்டாளாம். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்காமல் தன் பக்கமே வைத்துக் கொண்டாள். பாஸ்போர்ட் உள்ளேயே தங்கினால் விசா உண்டு என்று அர்த்தம். அது ஈஸ்வரிக்குத் தெரியாது. "பாஸ்போர்ட்ட வாங்கி வெச்சுக்கிட்டாங்க மேடம், குடுக்கவே மாட்டேங்கறாங்க. இப்பத்தான் புதுசா எடுத்தது" என்று போனில் பதறிக் கொண்டிருந்தார். பின்னாலிருந்து மாதையன் சிரிக்கும் சத்தம் கேட்டது.

மஞ்சள் வெட்டுக்கு முன்பே இருவரும் திரும்பி வந்தார்கள். நீல நிற மழைக்கோட்டு போட்டுக் கொண்டு அருவிக்கு முன் நிற்கும் படத்தைக் காட்டினார்கள். "எப்படி இருந்தது?" என்று மேடம் கேட்டார். "தண்ணி நெறையத்தானுங்க" என்றார் ஈஸ்வரி. "படகுலயும் கூட்டிட்டுப் போனாங்க. ஆனா ஒகேனக்கல்லுல மாதிரி கரையில மீன் வறுத்துக் குடுக்க ஆளில்லீங்க."

நாகரத்னா மேடம் எனக்கு முன்பே ஓய்வு பெற்றார். அவருக்குப் பின்னால் அந்தக் கீபோர்டில் நான் தட்டினேன். பிறகு நானும் ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்ற அடுத்த வருடம் என் மகள், நீங்களும் அப்பாவும் ஒரு தடவையாவது இங்கே வந்து இருங்கள் என்று பிடிவாதம் பிடித்தாள். அப்படித்தான் நான் சென்னையில், நிஜ ஜன்னலுக்கு முன்னால், என் கணவரோடு போய் நின்றேன்.

யாரிடமும் பயிற்சி எடுக்கவில்லை. எனக்கு எதற்குப் பயிற்சி?

மகள் என்ன செய்கிறாள், எத்தனை வாரம் தங்குவீர்கள் என்பதெல்லாம் சுலபமாகப் போயிற்று. பிறகு அந்த ஆபீசர், "நீங்கள் டிராவல் ஏஜென்சியில் என்ன வேலை பார்த்தீர்கள்?" என்றார்.

டிக்கெட் போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சேர்ந்த புதிதில் போட்டது உண்மைதான். ஆனால் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலையைக் கேட்கும் இடத்தில் வேறொன்றைச் சொல்ல நாக்கு வளையவில்லை. "இந்த ஜன்னலுக்கு வருகிறவர்களைத் தயார் செய்தேன்" என்றேன்.

அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "என்ன சொல்லிக் கொடுப்பீர்கள்?"

"கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொல்வேன்" என்றேன். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். அவர் பேசாமல் பார்த்துக் கொண்டிருந்தார். அந்த மௌனம் என்னவோ செய்தது. வயர் இல்லாத கீபோர்டைப் பற்றிச் சொன்னேன். ஏன் நாற்காலி போடுவதில்லை என்று சொன்னேன். இரண்டு மாசம் என்று பேரம் பேசிய சேலைக் கடைக்காரரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தபோது என் கணவர் முழங்கையால் இடித்தார்.

"நீங்கள் தயார் செய்த எல்லோரும் ஊருக்குத் திரும்பினார்களா?" என்று கேட்டார் ஆபீசர்.

என் கணவரின் முழங்கை மறுபடி இடித்தது.

"எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர் மட்டும் திரும்பவில்லை" என்றேன். "அவருடைய தம்பி, நான் ஓய்வு பெறும்வரை எங்கள் ஆபீஸுக்கு வந்து, என் அண்ணனை அனுப்பிவிட்டீர்களே என்று திட்டிவிட்டுப் போவார். உட்கார வைத்து டீ கொடுத்து அனுப்புவோம்."

ஆபீசர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக் கொண்டார். தோள் குலுங்கியது. திரும்பியபோது முகம் பழையபடி இருந்தது. எங்கள் பாஸ்போர்ட் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தன் பக்கம் வைத்துக் கொண்டு, "நல்லபடியாகப் போய் வாருங்கள்" என்றார்.

வெளியே வந்து, நடைபாதையில் ஒரு மர நிழலில் நின்று, நாகரத்னா மேடத்துக்குப் போன் செய்தேன்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னியா?" என்றார்.

"இல்ல மேடம்."

"எவ்வளவு பேசினே?"

"கொஞ்சம் அதிகம்தான்."

"கொஞ்சம் இல்லைங்க மேடம்" என்றார் என் கணவர் பக்கத்திலிருந்து.

மேடம் விஷயத்துக்கு வந்தார். "கொடுத்துட்டாங்க தானே?"

"கொடுத்துட்டாங்க."

"ஹோக்லி பிடு, போகட்டும். ஆனா கேட்டுக்கோ, அங்கே ஏர்போர்ட்ல இறங்கினதும் இன்னொரு ஆபீசர் கேள்வி கேப்பான். அவன்கிட்டயாவது வாயை மூடிட்டு நில்லு."